ட்ராக்கர பாதி ஸ்பீடுல ஓட்டுங்க

ராத்திரி வானத்த படம் எடுக்குறப்ப மலையோ மரமோ வானத்தோட சேர்ந்து ஒரே ஷாட்ல வரணும்னா ஸ்டார் ட்ராக்கர (நட்சத்திரம் நகர்றதுக்கு ஏத்த மாதிரி கேமராவ மெதுவா திருப்புற கருவி) ஃபுல் ஸ்பீடுல விடாதீங்க, பாதி ஸ்பீடு மோடுல போடுங்க. வானம் மணிக்கு 15 டிகிரி நகருது, ட்ராக்கர் 7.5 டிகிரி மட்டும் திரும்பினா நட்சத்திரமும் பாதிதான் இழுபடும், தரையும் பாதிதான் இழுபடும், அதனால வெறும் ட்ரைபாட்ல நட்சத்திரம் கோடா இழுபடாம 15 செகண்ட் தாங்குற வைட் லென்ஸுக்கு 30 செகண்ட் வரைக்கும் தைரியமா விடலாம், ஐஎஸ்ஓவ (கேமராவோட ஒளி உணர்திறன்) 6400ல இருந்து 3200க்கு இறக்கிடலாம். வானம், தரைன்னு தனித்தனியா எடுத்த ரெண்டு படத்த ஒட்டுற எடிட்டிங் தலைவலியும் இல்ல. போலார் அலைன்மென்ட (ட்ராக்கரோட அச்சு வான துருவத்துக்கு நேரா இருக்குறது) கேமரா மாட்டின பிறகு இன்னொரு தடவ பாத்துக்கங்க, வெயிட்டுல லேசா சாஞ்சிருக்கும். பால்வெளிய நிமிஷக்கணக்கா எக்ஸ்போஸ் பண்ணணும்னா இது உதவாது, அதுக்கு ஃபுல் ஸ்பீடுதான், தரைய ட்ராக்கர் ஆஃப் பண்ணிட்டு தனியா எடுக்கணும்.