மாடியைத் தனி போர்ஷனாக விடப் போறீங்களா? பூச்சு வேலைக்கு முன்பே இதைச் செய்யுங்க

மாடியை ஆபீஸாகவோ தனி போர்ஷனாகவோ ஆக்கும் எண்ணம் இருந்தால், பூச்சு வேலைக்கு முன்பே மீட்டர் பெட்டியிலிருந்து மாடி வரை இரண்டு காலி பிவிசி பைப் பதித்து, பின்னால் வயரை இழுக்க உள்ளே நைலான் கயிறு விட்டு வாயை அடைத்துவிடுங்கள். ஒன்று கரண்டுக்கு, மற்றது இன்டர்நெட் கேபிளுக்கு. இரண்டையும் ஒரே பைப்பில் விடவே கூடாது. பின்னால் தனி மீட்டர் வாங்கும்போது சுவரில் காடி வெட்டி, மறுபடி பூசி, பெயின்ட் அடிக்கிற செலவு மிச்சம். கோயமுத்தூர்ப் பக்கம் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு லைன் இருக்குமே, அந்த நல்ல தண்ணி லைனையும் மாடிச் சமையல் மேடை வரை கொண்டுபோய் மூடி வையுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். ஏற்கெனவே பூசி முடித்த வீட்டுக்கு இப்படிப் பைப் பதிப்பது ஒத்துவராது, அங்கே வயருக்கு கேசிங் பட்டி (சுவரின் மேலேயே பொருத்தி வயரை மூடும் பிளாஸ்டிக் பட்டி) அடிப்பதே நல்லது.