எலும்பு முறிவுக்குச் சீன மூலிகைக் கஷாயம்: எப்போது, எப்படி

எலும்பு முறிந்தால் சீன மருத்துவத்திலும் முதல் வேலை மூலிகையன்று. விலகிய எலும்பை நேர்ப்படுத்தி, அசையாமல் கட்டுவதே. எனவே எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டோ அறுவைச் சிகிச்சையோ முடிந்த பிறகே கஷாயத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். திறந்த காயத்துடன் கூடிய முறிவிலும், விரல்கள் மரத்துப்போகும் நிலையிலும் மூலிகையை நாடுவது காலத்தை வீணாக்குவதாகும்.

சீன மருத்துவர்கள் முறிவு ஆறும் காலத்தை மூன்றாகப் பிரித்து, மருந்தையும் அதற்கேற்ப மாற்றுவார்கள். முதல் இரண்டு வாரங்களில் வீக்கமும் கன்றிய இரத்தமும் வடிவதற்காகக் குசும்பப்பூ, பீச் கொட்டைப் பருப்பு, தாங்குயி வேர் ஆகியவற்றைக் கொடுப்பார்கள். அடுத்த சில வாரங்களில் எலும்பு கூடுவதற்கென்று சூ துவான் வேரும் கூ சுயி பூ கிழங்கும் முன்னுக்கு வரும். இறுதிக் கட்டத்தில் தூ ஜொங் மரப்பட்டை போன்று உடலைத் தேற்றுபவை சேரும். கூ சுயி பூ என்பது ஒரு பெரணியின் கிழங்கு. கொல்லிமலையில் சூப் வைக்கும் முடவாட்டுக்கால் கிழங்கும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான், ஆயினும் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது. சீன மருந்தியல் நூல் கூ சுயி பூவுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 9 கிராம் என்று அளவு வகுத்துள்ளது. அதிலுள்ள நாரிஞ்சின் என்னும் வேதிப்பொருள் எலும்பு வளர்ச்சிக்கு உதவுவதாக விலங்குச் சோதனைகள் காட்டினாலும், மனிதரிடம் கிடைத்துள்ள சான்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வலுவானதன்று.

கஷாயத்தை மண்சட்டியிலோ எவர்சில்வரிலோ காய்ச்ச வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. மூலிகைகள் மூழ்கி இரண்டு விரற்கடை மேலே நிற்குமளவு தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் ஊறவைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து மேலும் அரைமணி நேரம் வைத்து வடிகட்ட வேண்டும். அதே சக்கையை மறுமுறை காய்ச்சி, இரண்டையும் கலந்து இரு வேளையாகப் பிரித்து, உணவுக்குப் பின் வெதுவெதுப்பாகக் குடிப்பது வழக்கம்.

கருவுற்றவர்கள் குசும்பப்பூவையும் பீச் பருப்பையும் உட்கொள்ளக் கூடாது. தாங்குயி, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரின் மாத்திரையின் வேகத்தைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் தம் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது. வலிக்கென்று சிலர் சேர்க்கும் சுவான் வூ, சாவ் வூ இரண்டும் வச்சநாவி இனத்துக் கிழங்குகள். சரியாகப் பக்குவப்படுத்தாமல் குடித்தால் இதயத்துடிப்பே தடுமாறும். மருந்துச் சீட்டில் இப்பெயர்கள் இருந்தால், பதிவுபெற்ற சீன மருத்துவர் எழுதியதா என்று பார்த்த பிறகே கடையில் வாங்குங்கள்.