வீட்டில் இரத்தினக்கல் பட்டை தீட்டும் இயந்திரம் அமைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டை தீட்டும் இயந்திரம் வீட்டுக்கு வந்த அன்றே ஒரு கல்லைக் குச்சியில் ஒட்டி, சுழலும் தேய்ப்புத் தட்டில் வைத்துப் பார்க்கும் ஆவல் எவருக்கும் எழும். பிற்பாடு கல்லில் அழியாத கீறல் தெரிந்தாலோ, பட்டைகளின் (கல்லில் வெட்டிய தட்டையான முகங்களின்) முனைகள் ஒரே புள்ளியில் சேராமல் போனாலோ, பழகுபவர் தம் கைத்திறனை நொந்துகொள்வார். அல்லது கல்லின் மேல் குறை சொல்வார். அந்தக் குறைகளில் பலவற்றுக்கு இயந்திரத்தை எங்கே, எப்படி வைத்தோம், எதைச் சரிபார்க்காமல் விட்டோம் என்பதே காரணமாக இருக்கிறது. ஆகவே முதல் கல்லைத் தொடுவதற்கு முன் செய்யக்கூடிய தவறுகளைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

இடத் தேர்வும் தூசியும்

எல்லாவற்றிலும் பெரிய தவறு, படுக்கையறையின் மூலையிலோ சமையலறை மேடையிலோ இயந்திரத்தை வைப்பது. ஸ்படிகம், செவ்வந்திக்கல், அகேட், ஜாஸ்பர் ஆகிய அனைத்தும் சிலிக்காவால் ஆனவை. அவற்றைத் தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத, சில மைக்ரான் அளவே உள்ள துகள்கள் பிறக்கின்றன. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை செல்லும் இத்துகள்கள் சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகின்றன. இந்நோயால் நுரையீரலில் ஏற்படும் தழும்பை மருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. தொழிலிடங்களில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவை, உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ஆம் ஆண்டிலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்துவிட்டது.

தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி இல்லை என்று பலரும் நம்புகிறார்கள். தண்ணீர் தூசியைப் பெருமளவு அடக்குகிறது என்பது உண்மை. உலர்நிலையில் தேய்ப்பதை வீட்டில் அறவே செய்யக் கூடாது என்பதும் அதனால்தான். எனினும் சுழலும் தட்டிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளிலும் துகள்கள் இருக்கின்றன. அத்துளிகள் சுவரிலும் மேசையிலும் உடையிலும் காய்ந்த பிறகு, அங்கே எஞ்சுவது அதே தூசிதான். மறுநாள் துடைப்பத்தால் பெருக்கினாலோ சாதாரண வாக்குவம் கிளீனரைப் போட்டாலோ, முந்தைய நாள் தண்ணீர் அடக்கி வைத்தது முழுவதும் காற்றில் ஏறிவிடும். வேலை முடிந்ததும், ஈரம் காயும் முன்பே, நனைத்த துணியால் எல்லாப் பரப்புகளையும் துடைத்துவிட வேண்டும். தரை எளிதில் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும், தரைவிரிப்பு கூடாது. வேலைக்கென ஒரு மேலுடை வைத்துக்கொண்டு, அதை அந்த அறையிலேயே கழற்றிவிடுவது நல்லது. மூக்கில் கட்டும் துணி இத்துகள்களைத் தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 அல்லது அதனினும் உயர்ந்த தரமுள்ள முகக்கவசம் வேண்டும். மாலகைட் போன்ற செம்புக் கற்களின் தூசி வேறு வகையிலும் நச்சுத்தன்மை உடையது என்பதால், அவற்றைப் பழகுநர் தொடாமலிருப்பதே என் பரிந்துரை.

தண்ணீரும் மின்சாரமும்

சொட்டுத் தண்ணீர்த் தொட்டியும் மின்சார மோட்டாரும் ஒரு முழ இடைவெளிக்குள் இருக்கும் கருவி இது. தொட்டிக்கு நேர் கீழே மின்செருகியை வைப்பதும், எர்த் இணைப்பில்லாத நீட்டிப்புக் கம்பியில் இயந்திரத்தைச் செருகுவதும் உயிருக்கே ஆபத்தானவை. 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் அந்த இணைப்பில் இருந்தாக வேண்டும். செருகிக்குச் செல்லும் கம்பி, செருகியைவிடத் தாழ்வாக ஒரு வளைவு எடுத்து மேலேறுமாறு விடப்பட்டால், கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அணைக்கும் சுவிட்ச், கை சுழலும் தட்டைக் கடந்து செல்லாமலே எட்டும் பக்கத்தில் இருக்கட்டும். கையுறை, தொங்கும் துப்பட்டா, கட்டாத கூந்தல் ஆகியவை சுழலும் எந்தப் பகுதிக்கும் அருகே வரக் கூடாது.

வடிகாலைப் பற்றி எவரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. கல்தூள் கலந்த நீரை வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் நேரடியாக ஊற்றினால், தூள் வளைவுகளில் படிந்து கெட்டித்து அடைத்துக்கொள்ளும். நீரை ஒரு வாளியில் பிடித்து, தூள் அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் வெளியேற்ற வேண்டும். தெளிந்துவிட்டதே என்று அந்த நீரையே மீண்டும் சொட்டுத் தொட்டியில் ஊற்றுவது இன்னொரு தவறு. அதில் எஞ்சியிருக்கும் கரடான துகள்கள் மெல்லிய தட்டில் விழுந்து கீறலாகத் திரும்பி வரும்.

இயந்திரத்தின் செங்குத்தையும் கோணத்தையும் சோதிக்காமல் தொடங்குவது

மேசை கனமாகவும் ஆடாமலும் இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் அறிவார்கள். அதன் பிறகு ரசமட்டத்தை வைத்து மேசையின் மட்டத்தைப் பார்ப்பதில் மணிக்கணக்கில் செலவிடுகிறார்கள். மேசை சற்றுச் சாய்ந்திருந்தால் நீர் ஒரு பக்கம் ஓடுமே ஒழிய, பட்டையின் கோணம் மாறாது. கோணத்தைத் தீர்மானிப்பது, கல்லைத் தாங்கும் இயந்திரக் கையை ஏந்திய தூணுக்கும் சுழலும் தட்டுக்கும் இடையேயுள்ள உறவு. தூண் தட்டின் பரப்புக்குச் சரியான செங்குத்தில் நிற்காவிட்டால், கையைத் தட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்த்தும்போதே கோணம் சிறிது சிறிதாக மாறும். அப்படி வெட்டிய பட்டைகள் ஒருபோதும் ஒழுங்காகச் சேர மாட்டா.

ஆகவே மூன்று சோதனைகள் அவசியம். முதலாவது, மற்றத் தட்டுகளைத் தாங்கும் அடித்தட்டின் விளிம்பருகே டயல் கேஜை (நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் அளவியை) நிறுத்தி, தட்டைக் கையால் மெதுவாகச் சுழற்றி, முள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது. நல்ல இயந்திரத்தில் இது ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளைத் தாண்டாது. இரண்டாவது, டாப் குச்சியை (கல்லை ஒட்டிப் பிடிக்கும் குச்சியை) கல் ஒட்டாமல் பொருத்தி, உயரத்தை மாற்றாமல், நிறுத்திய தட்டின் உள்வட்டத்திலும் வெளிவட்டத்திலும் அதன் முனை தொடும் நிலை ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, கோணமானியை 90 பாகையில் வைத்து, குச்சியின் இரு முனைகளும் தட்டிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று அளப்பது.

மூன்றாவது சோதனையைத் தவிர்த்தால் என்ன நேரும் என்பதற்கு ஸ்படிகமே நல்ல எடுத்துக்காட்டு. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.54 முதல் 1.55 வரை, எனவே அதன் மாறுநிலைக் கோணம் (இதற்கு மேற்பட்ட கோணத்தில் படும் ஒளி வெளியேறாமல் கல்லுக்குள்ளேயே திரும்பும்) 40 பாகைக்குச் சற்று மேல். கல்லின் அடிப்பகுதிப் பட்டைகளை இதனினும் சிறிது கூடுதலாக, 42 பாகையளவில் வெட்டினால்தான் உள்ளே புகுந்த ஒளி திரும்பி மேலே வரும். கோணமானி 42 என்று காட்டும்போது உண்மைக் கோணம் 40 ஆக இருந்தால் ஒளி அடிவழியே வெளியேறி, கல்லின் நடுப்பகுதி வெறும் கண்ணாடியாகத் தெரியும். பட்டைகள் எல்லாம் அழகாகச் சேர்ந்திருக்கும், பளபளப்பும் குறையாது. ஆயினும் கல் உயிரற்றுக் கிடக்கும். காரணம் புரியாமல் பழகுநர் வருந்தும் நிலை இது.

மோட்டாரும் வேகமும்

பழைய வீட்டுக் கருவிகளின் மோட்டாரை எடுத்துத் தாமே இயந்திரம் கட்டுபவர்கள், இண்டக்‌ஷன் மோட்டாரை மின்விசிறி ரெகுலேட்டரால் கட்டுப்படுத்த முயல்வதுண்டு. சுமை ஏறும்போது வேகம் சீராக நிற்காது. மோட்டாரும் சூடேறிக் கெடும். உரிய கட்டுப்பாட்டுக் கருவியோடு கூடிய நேர்மின்னோட்ட (டி.சி.) மோட்டாரே இதற்கு ஏற்றது. குறைந்த வேகத்திலும் விசை குன்றாமை வேண்டும், ஏனெனில் மெருகேற்றும் வேலை பெரும்பாலும் மெதுவான சுழற்சியில்தான் நடக்கிறது. 8 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 1000 முறை சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்குப் பத்து மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. பாதி ஆரத்தில் அந்த வேகமும் பாதியே. மெருகிடும்போது விளிம்பில் வைத்துச் சூடேற்றிக் கல்லை விரிசல்விடச் செய்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

துகள் கலப்பு

மெருகேறிக்கொண்டிருக்கும் பட்டையில் திடீரென ஆழமான ஒரு கீறல் விழுகிறதென்றால், அநேகமாகக் கரடான துகள் ஒன்று அங்கே வந்துவிட்டது. 600 எண் தட்டிலுள்ள வைரத் துகளின் அளவு ஏறத்தாழ 30 மைக்ரான். இறுதி மெருகுக்குரிய 50,000 எண் தூளோ ஏறத்தாழ அரை மைக்ரான். அறுபது மடங்கு பெரிய ஒரே துகள் மெருகுத் தட்டில் பதிந்துவிட்டால், தட்டை வழித்துச் சீராக்காமல் அது போகாது.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய தனி உறை இருக்கட்டும். அலமாரியில் மெருகுத் தட்டுகள் மேலேயும் கரடான தட்டுகள் கீழேயும் இருப்பது முறை. உதிர்வது எப்போதும் கீழ்நோக்கித்தானே விழும்! தட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் கல், டாப் குச்சி, நீர்த்தடுப்புத் தொட்டியின் உட்சுவர், கை, குறிப்பாக நக இடுக்கு ஆகியவற்றைக் கழுவ வேண்டும். மெல்லிய மேல்தட்டை அடித்தட்டின்மேல் வைக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு மணல் துகள் சிக்கினாலும் அவ்விடம் புடைத்து, பட்டை தட்டையாக அமையாது. புதிய வைரத் தட்டில் துருத்தி நிற்கும் துகள்கள் முதலில் கடுமையாக வெட்டும் என்பதால், விலையுயர்ந்த கல்லை வைக்கும் முன் சாதாரண ஸ்படிகத் துண்டால் அதைப் பழக்கிவிடுவது நல்லது.

இவையெல்லாம் முடிந்த பின் சோதனைக் கல்லாகவும் ஒரு ஸ்படிகத் துண்டையே எடுத்துக்கொள்ளலாம். கல்லைக் குறித்த அளவு திருப்பி நிறுத்தும், 96 பற்களுள்ள இன்டெக்ஸ் சக்கரத்தில் 96, 24, 48, 72 ஆகிய எண்களில், 45 பாகையில், உயரத்தை மாற்றாமல் நான்கு பட்டைகள் வெட்டுங்கள். அடுத்தடுத்த இரண்டைத் தட்டின் உள்வட்டத்திலும், மற்ற இரண்டை வெளிவட்டத்திலும் வெட்டுங்கள். நான்கும் ஒரே கூர்முனையில் சேர்ந்தால் இயந்திரம் ஆயத்தமாகிவிட்டது. முனைக்குப் பதிலாகச் சிறு விளிம்பு தெரிந்தால், நான்கையும் ஒரே வட்டத்தில் மீண்டும் வெட்டிப் பாருங்கள்: இப்போது முனை சேர்ந்தால் தூணின் செங்குத்தைத் திருத்த வேண்டும், அப்போதும் சேராவிட்டால் டாப் குச்சியைப் பிடிக்கும் பகுதியின் தளர்வையும், இன்டெக்ஸ் சக்கரத்தின் பூட்டையும், அடித்தட்டின் ஆட்டத்தையும் அந்த வரிசையில் பார்க்கவும்.