வாடகை வீட்டிலும் ஒரு கிஃப்ட் பேக்கிங் மூலை: முதல்முறை அமைப்பவர்களுக்கு

கிஃப்ட் பேப்பர் பீரோ மேலே, செல்லோ டேப் ஃப்ரிட்ஜ் மேலே, கத்தரிக்கோல் அடுப்படியில் பால் பாக்கெட் வெட்டிக்கொண்டிருக்கும். முக்கால்வாசி வீடுகளில் இதுதான் நிலைமை. பரிசைச் சுற்ற பத்து நிமிஷம், சாமான் தேட அரை மணி நேரம். ஆரத்தித் தட்டு, சீர்வரிசைத் தட்டு, கொலுவுக்குத் தாம்பூலப் பை, பிள்ளைகளின் ஸ்கூல் ப்ராஜெக்ட் என்று மாதம் ஒரு வேலையாவது வந்துவிடுகிற வீடாக இருந்தால், இதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கிவிடுவது நல்லது. தனி அறை வேண்டாம், சுவரில் ஆணியும் அடிக்க வேண்டாம். ஹவுஸ் ஓனர் கேள்வி கேட்கிற மாதிரி எதுவும் இதில் இல்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் அழகழகான பிளாஸ்டிக் டப்பாக்களை வாங்கிவிட்டு, பிறகு அதற்குள் சாமானைத் திணிக்காதீர்கள். டப்பா வாங்குவது கடைசி வேலை.

1. எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

பழைய பெட்ஷீட் ஒன்றை ஹாலில் விரித்து, வீட்டில் இருக்கிற பேப்பர், ரிப்பன், பசை, கல், முத்து அத்தனையையும் அதில் கொட்டுங்கள். பேப்பரோடு பேப்பர், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் என்று பிரிக்காமல் வேலையை வைத்துப் பிரியுங்கள்: வெட்டுவதற்கு, ஒட்டுவதற்கு, கட்டுவதற்கு, அலங்காரத்துக்கு. பேக் செய்யும்போது கை போகிற வரிசையும் இதுதான்.

கல்லாகிப்போன ஃபெவிகாலை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். டபுள் சைடு டேப்பில் கொஞ்சம் பழைய நோட்டில் ஒட்டிப் பாருங்கள். மேல் தாளை உரிக்கும்போது பசையும் கூடவே வந்துவிட்டால் அதன் ஆயுசு முடிந்தது. ஒருமுறை பரிசில் சுற்றிப் பிரித்த பேப்பரை எடுத்து வைப்பது நம் அம்மாக்களின் வழக்கம். பெரிய தாளாக, மடிப்பு விழாமல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். மற்றதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

2. இடம் பிடிப்பது

நான்கு விஷயம் பாருங்கள். பக்கத்தில் பிளக் பாயின்ட் வேண்டும், பசைக் குச்சியை உருக்கி ஒட்டுகிற க்ளூ கன்னுக்கு. அடுப்படிச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு பேப்பரில் ஏறும். பாத்ரூம் சுவரும் ஆகாது, ஈரம் ஊறும். நான்காவதை யாரும் யோசிப்பதே இல்லை: ஃபேன். நேர் கீழே உட்கார்ந்தால் டிஷ்யூ பேப்பரும் சம்கியும் வீடெல்லாம் பறக்கும். நம் ஊர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு வேலை பார்க்கவும் முடியாது. காற்று பக்கவாட்டில் வருகிற மாதிரி அறையின் ஓரமாகத் தள்ளி உட்காருங்கள்.

சாப்பாட்டு மேசை ஏறக்குறைய 30 இன்ச் உயரம் இருக்கும். உட்கார்ந்து செய்ய அது போதும். ரிட்டன் கிஃப்ட் ஐம்பது, நூறு என்று நின்றபடி பேக் செய்தால் குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். அதற்கு 34 முதல் 36 இன்ச் உயரம் சௌகரியம். மேசைக் கால்களுக்கு அடியில் வைக்க மரக்கட்டைகள் கிடைக்கின்றன. ஆடாமல் நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். தரையில் உட்கார்ந்தே பழகியவர்களுக்கு ஒரு பிளைவுட் பலகை போதும். வேலை முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

3. மேசை ஓரத்தில் இன்ச் டேப்

இந்த மூலையில் எனக்கு ரொம்பப் பிடித்த சாமான் இதுதான். தையல் கடைகளில் கிடைக்கும் அளவு டேப்பை வாங்கி, மேசையின் நீளவாக்கு ஓரத்தில் டபுள் சைடு டேப்பால் ஒட்டிவிடுங்கள். பூஜ்யம் மேசையின் மூலையில் சரியாகத் தொடங்கட்டும். ஸ்கேலைத் தேடுகிற வேலையே இனி இல்லை. பெட்டியை வைத்தால் அளவு தெரியும், பேப்பரை வைத்தால் எங்கே வெட்டுவது என்று தெரியும்.

கணக்கும் சுலபம். 10 இன்ச் நீளம், 6 இன்ச் அகலம், 3 இன்ச் உயரம் உள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். சுற்றி வர அகலமும் உயரமும் இரண்டிரண்டு தடவை: 6+3+6+3, ஆக 18. ஒட்டுவதற்கு ஒரு இன்ச் சேர்த்தால் 19. மறுபக்கம், நீளம் 10. இரண்டு முனைகளிலும் மடிக்க உயரத்தில் முக்கால் பங்கு, அதாவது இரண்டேகால் இன்ச் வீதம் விட்டால் மொத்தம் பதினாலரை. முனையில் இதைவிட அதிகம் விட்டால் மடிப்பு தடித்துத் துருத்திக்கொண்டு நிற்கும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 20க்கு 30 இன்ச் தாளை 30 இன்ச் பக்கத்தில் பதினாலரை, பதினாலரையாக வெட்டினால் ஒரே தாளில் இரண்டு பெட்டி முடிந்துவிடும். அளக்காமல் வெட்டுகிறவர்களுக்கு ஒரு பெட்டிக்கு ஒரு தாள் போகும்.

ரிப்பனைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட: நீளம் இரண்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, உயரம் நான்கு மடங்கு, மேலே பூ முடிச்சுக்கு 24 இன்ச். இதே பெட்டிக்கு 68 இன்ச் வரும். 2 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

4. எதை எங்கே வைப்பது

சுருட்டிய பேப்பருக்கு பிளம்பிங் கடையில் கிடைக்கும் 4 இன்ச் பிவிசி பைப் துண்டைக் கேளுங்கள். இரண்டு அடி நீளம் போதும். பேப்பரை உள்ளே விட்டு நிமிர்த்தி வைத்தால் ஓரம் கிழியாது. மடித்த தாள்களை இரண்டு சார்ட் அட்டைகளுக்கு நடுவில் வைத்து மெத்தைக்கு அடியில் தள்ளிவிடுங்கள், மடிப்புக் கோடும் ஓரளவு மறையும்.

ரிப்பன் சுருள்களை ஒரு கர்ட்டன் ராடில் கோத்து, ஷெல்ஃபின் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் பொருத்துங்கள். ஸ்பிரிங் வைத்து இறுகும் ராடாக இருந்தால் துளை போட வேண்டாம். குந்தன் கல், முத்து, சம்கி எல்லாம் மூடி போட்ட தெளிவான டப்பாக்களில். ஸ்வீட் கடை டப்பாவே போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்காமல் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் மாட்டும் பை வைத்த துணி ஹேங்கரில் பசை, கட்டர், மார்க்கர், டேப். டேப் சுருள்களை ஜிப் கவரில் போட்டு வையுங்கள், ஓரத்தில் தூசி ஒட்டாது.

கத்தரிக்கோல் இரண்டு வேண்டும். ஒன்று பேப்பருக்கு, ஒன்று ரிப்பனுக்கும் துணிக்கும். பேப்பர் வெட்டிய கத்தரி சீக்கிரம் மழுங்கும், சாட்டினை அது கடித்துக் குதறிவிடும். ரிப்பன் கத்தரியின் கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றி, அதைத் தொடக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். சொன்னாலும் தொடுவார்கள். வெட்டிய சாட்டின் ரிப்பன் முனையில் ஊதுபத்தி நெருப்பை லேசாகக் காட்டினால் நூல் பிரியாது. அதைப் பேப்பர் குவியல் பக்கம் செய்யாதீர்கள்.

5. க்ளூ கன்

ஆரம்பத்துக்கு 20 வாட் சின்ன கன் போதும். அதற்கு 7 மில்லிமீட்டர் பசைக் குச்சி. பெரிய கன்னுக்கு 11 மில்லிமீட்டர். மாற்றி வாங்கினால் நுழையாது, இல்லையென்றால் பின்பக்கம் பசை ஒழுகும். வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் துண்டு ஒன்று கிடைத்தால் அதன்மேல் வையுங்கள். பசை சொட்டினாலும் ஆறியதும் நகத்தால் உரித்துவிடலாம். சின்னப் பிள்ளைகள் கை நீட்டுகிற தூரத்தில் வயர் தொங்க வேண்டாம்.

6. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால்

காற்றில் ஈரம் ஏறினால் பேப்பர் அலைபோல நெளியும். ஈரம் பட்ட கிரேப் பேப்பர் சாயம் விட்டு பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், அதைத் தனிக் கவரில் கட்டிவிடுங்கள். ஷூ டப்பாவில், ஹேண்ட்பேக்கில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் டப்பாவுக்கு ஒன்றாகப் போடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல். அட்டைப்பெட்டிகளில் எதையும் அடைத்துத் தரையில் வைக்க வேண்டாம், கரப்பானும் பூச்சியும் அங்கேதான் குடியேறும். மைதா பசை காய்ச்சுகிற வீடாக இருந்தால் அன்றைக்கே துடைத்துக் கழுவிவிடுங்கள், அதுவும் அவற்றுக்கு விருந்துதான்.

7. வாங்கப் போகும்போது

இத்தனையும் செய்த பிறகு என்ன குறைகிறதோ அதை மட்டும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். நூறு ரிட்டன் கிஃப்ட் என்றால் தெருமுனை ஃபேன்ஸி ஸ்டோரில் கட்டுப்படியாகாது. சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை போகலாம். காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு பெயர் போனது. மொத்தக் கடைகளில் ஒன்றிரண்டு தாள் கேட்டால் தர மாட்டார்கள், பாக்கெட்டாகத்தான் எடுக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டுப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், பெரும்பாலான மொத்தக் கடைகள் மூடியிருக்கும்.