டுஃபே கண்டுபிடிச்ச ரெண்டு வகை மின்சாரத்த வீட்லயே பாக்குறது எப்படி

பாரிஸ்காரர் சார்ல்ஸ் டுஃபே (1698–1739) மொதல்ல பட்டாளத்துல இருந்தவர், அப்புறம் கெமிஸ்ட்டா பிரெஞ்சு அறிவியல் அகாடமிக்குள்ள வந்தாரு. 1733 வாக்குல தேய்ச்ச கண்ணாடிக் குழாய் மேல மெல்லிசான தங்கத்தாள விட்டாரு, அது ஒட்டிட்டு உடனே விலகி அந்தரத்துல நின்னுச்சு. அதுகிட்ட தேய்ச்ச மரப்பிசின் கட்டிய கொண்டுபோனா அதுவும் தள்ளும்னுதான் நெனச்சாரு, ஆனா தாள் பாய்ஞ்சு வந்து பிசின்ல ஒட்டிக்கிச்சு. அப்போதான் மின்சாரத்துல ரெண்டு வகை இருக்குன்னு அவருக்குப் புரிஞ்சுது, ஒரே வகைன்னா தள்ளும், வேற வேறன்னா இழுக்கும்.

நமக்கு தங்கத்தாள் வேணாம். அலுமினியம் ஃபாயில்ல பட்டாணி சைஸுக்கு லேசா ஒரு உருண்டை பண்ணி, பட்டு நூல் இல்லன்னா நைலான் நூல்ல தொங்கவிடுங்க. பருத்தி நூல் ஈரத்த இழுக்கும், சார்ஜ் அது வழியாவே ஓடிரும். கண்ணாடி டம்ளர நல்லா தொடச்சு கொஞ்ச நேரம் வெயில்ல வச்சு எடுங்க, இத விட்டுட்டா எவ்ளோ தேய்ச்சாலும் ஒண்ணும் நடக்காது, மழை நாள்ல முயற்சியே பண்ணாதீங்க.

இப்போ டம்ளர பட்டுத்துணியால வேகமா தேய்ச்சு உருண்டைகிட்ட கொண்டுபோங்க. ஓடிவந்து தொடும், தொட்டதும் விலகி ஓடும். அப்படியே தலைமுடில தேய்ச்ச பிளாஸ்டிக் ஸ்கேல இன்னொரு பக்கத்துலருந்து நீட்டுங்க, உருண்டை அதுகிட்ட பாயும். டுஃபே பாத்தது இதேதான்!

ஆனா இழுக்குறத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஏன்னா சார்ஜ் ஏறுன உருண்டை தேய்க்காத ஸ்கேல் கிட்டயும் போகும், உங்க விரல் கிட்டயும் போகும். தள்ளுனாதான் ரெண்டுலயும் ஒரே வகை சார்ஜ் இருக்குன்னு உறுதி. அதனால உருண்டைய விரலால தொட்டு சார்ஜ எறக்கிட்டு, இந்தத் தடவ ஸ்கேல்ல ஆரம்பிங்க, ஸ்கேல் தள்ளணும், டம்ளர் இழுக்கணும். ரெண்டு பக்கமும் சரியா வந்தாதான் சோதனை முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

அடுத்து பலூன், மெழுகுவர்த்தி, கம்பளின்னு ஒவ்வொண்ணா தேய்ச்சு, எது டம்ளர் கட்சி எது ஸ்கேல் கட்சின்னு எழுதி வைங்க. டுஃபேயும் இப்படித்தான் பிரிச்சாரு, கண்ணாடி, ஸ்படிகம், கம்பளி ஒரு பக்கம், அம்பர் (கல்லா இறுகிப்போன மரப்பிசின்), அரக்கு, பட்டு, காகிதம் இன்னொரு பக்கம்.