க்ளஸ்டர்ல ஜாப் போடறதுக்கு முன்னாடி எவ்ளோ மெமரி, நேரம் கேக்கணும்னு தெரிஞ்சுக்கங்க

க்ளஸ்டர்னா நிறைய கம்ப்யூட்டர்கள ஒண்ணா இணைச்சு வெச்சிருக்கறது, அதுல ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நோட். லேப்ல புதுசா சேர்றவங்க பல பேரு, லாகின் பண்ணதும் போய் நிக்கற லாகின் நோட்லயே பைத்தான் ஸ்க்ரிப்ட்ட ஓட விட்டுடறாங்க. தயவுசெஞ்சு அதப் பண்ணாதீங்க, எல்லாரும் உள்ள வர்ற வாசல் அது, அங்க நீங்க 32 ப்ராசஸ் ஓட்டினா மத்தவங்களுக்கு ஒரு ஃபைல் திறக்கறதே பெரும்பாடாயிடும்.

நான் சொல்றது ஸ்லர்ம் இருக்கற க்ளஸ்டருக்கு, அதாவது நீங்க ஓட்டக் குடுக்கற வேலைய (ஜாப்) எப்ப, எந்த நோட்ல ஓட்டணும்னு முடிவு பண்ற ஷெட்யூலர் சாஃப்ட்வேர். ஒரு பாஷ் ஸ்க்ரிப்ட் எழுதி, மேல ஹேஷ் போட்டு எஸ்பேட்ச்னு (#SBATCH) ஆரம்பிக்கற வரிகள்ல எத்தன சிபியூ கோர், எவ்ளோ மெமரி, எவ்ளோ நேரம்னு குடுத்து, எஸ்பேட்ச் கமாண்டால அனுப்பணும். அந்த வரிங்க எல்லாமே முதல் கமாண்டுக்கு மேல இருக்கணும், மாட்யூல் லோட் மாதிரி ஒரு கமாண்ட போட்டுட்டு அதுக்குக் கீழ எழுதினா ஸ்லர்ம் வெறும் கமென்ட்னு நினைச்சு தாண்டிப் போயிடும், எரர்கூட வராது.

இதுல நேரமும் மெமரியும்தான் ரொம்ப முக்கியம். பயத்துல 7 நாள், 256 ஜிபின்னு கேட்டு வைக்கறாங்க. ஆனா ஷெட்யூலர் பேக்ஃபில்னு ஒண்ணு பண்ணும், பெரிய ஜாப் ஒண்ணுக்காக நோடெல்லாம் ஒவ்வொண்ணா காலியாகிட்டு இருக்கற இடைவெளியில, அதுக்குள்ள முடிஞ்சிடற சின்ன ஜாப்ப நுழைச்சு விட்டுடும், அதனால 3 மணி நேரம்னு எழுதின ஜாப் உள்ள போயிடும், அதே வேலைக்கு 7 நாள்னு எழுதினது க்யூலயே கெடக்கும். அதுவும் போக நீங்க வாங்கிட்டுத் தொடாத மெமரிய வேற யாருக்கும் குடுக்க முடியாது, நோட்ல கோர் சும்மா இருக்கும், பக்கத்து லேப்ல ஒருத்தங்க தீசிஸ் முடிக்கணும்னு ராத்திரியெல்லாம் க்யூவப் பாத்துட்டு இருப்பாங்க. எனக்கு இது நெஜமாவே மனசு கஷ்டமா இருக்கும்.

சரியா கேக்கறதுக்கு ஒரே வழி, முதல்ல உங்க டேட்டால ஒரு சாம்பிள மட்டும் ஓட்டிப் பாக்கறது. முடிஞ்சதும் எஸ்அக்ட் (sacct) கமாண்ட்ல மேக்ஸ்ஆர்எஸ்எஸ் (அதிகபட்சமா தொட்ட மெமரி), எலாப்ஸ்ட் (ஓடின நேரம்) ரெண்டையும் கேளுங்க. மேக்ஸ்ஆர்எஸ்எஸ் முதல் வரியில காலியாத்தான் இருக்கும், ஜாப் நம்பருக்குப் பின்னாடி டாட் பேட்ச்னு இருக்கற வரியில பாருங்க. நான் ஒரு அலைன்மென்ட் வேலைக்கு மாசக்கணக்கா 64 ஜிபி கேட்டுட்டிருந்தேன், பாத்தா 11-ஐ தாண்டவே இல்ல, 15-னு மாத்தினதும் காலைல போட்டது மதியத்துக்குள்ள ஓட ஆரம்பிச்சிடுச்சு. ரொம்ப ஒட்டியும் கேக்காதீங்க, அந்த மெமரி கணக்கு அப்பப்ப அளந்து போடறது, திடீர்னு ஒரு நொடி ஏறி எறங்கினது அதுல தெரியாமப் போகலாம், கேட்ட மெமரிய தாண்டினா ஸ்லர்ம் ஜாப்ப கொன்னுடும்.

200 சாம்பிள் இருந்தா 200 தடவ லூப் போட்டு சப்மிட் பண்ணாம ஒரே ஸ்க்ரிப்ட்ட ஒரே தடவ அனுப்பி எல்லா சாம்பிளுக்கும் ஓட்டற ஜாப் அர்ரே போடுங்க, 1-200%10-னு குடுத்தா ஒரு நேரத்துல 10 மட்டும் ஓடும், மத்தவங்களுக்கும் எடம் இருக்கும்.

ஜாப் எந்த நிலையில இருக்குன்னு காட்டற எஸ்க்யூ (squeue) கமாண்ட்ல கடைசி பத்தியில (column) ப்ரையாரிட்டி, ரிசோர்சஸ்னு இருந்தா பொறுமையா இருங்க, வரும். டிபெண்டன்சி நெவர் சாட்டிஸ்ஃபைட்னு இருந்தா இது காத்துட்டிருந்த முன்னாடி ஜாப் ஃபெயில் ஆயிடுச்சு, இது எப்பவும் ஓடாது, எஸ்கேன்சல் (scancel) கமாண்டால இத ரத்து பண்ணிட்டு முதல் ஜாப்ப சரி பண்ணுங்க.

அப்புறம் அவுட்புட்ட லாக்ஸ்னு ஒரு ஃபோல்டருக்கு அனுப்பறீங்கன்னா சப்மிட் பண்றதுக்கு முன்னாடியே அத உருவாக்கிடுங்க. ஸ்லர்ம் தானா உருவாக்காது, ஜாப் ஒரு செகண்ட்ல ஃபெயில் ஆகும், ஏன்னு பாக்க லாக்கும் இருக்காது.