கச்சேரியில் எப்போது கைதட்டுவது? முதன்முறை வருவோருக்கு

மார்கழி இசை விழாவுக்குப் புதிதாக வருவோர் பலர், எங்கே கைதட்டுவது என்று தெரியாமல் பக்கத்து இருக்கைக்காரரின் கைகளையே பார்த்திருப்பதுண்டு. இன்றைய கர்நாடக இசைக் கச்சேரிகள் பெரும்பாலும் பழம்பெரும் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய அமைப்பையே பின்பற்றுவதால், அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், தொடக்கத்தில் பாடும் வர்ணமானாலும் அடுத்து வரும் கீர்த்தனையானாலும் முழுதாக முடியும்வரை காத்திருங்கள். கீர்த்தனையில் கடைசிப் பகுதியான சரணம் முடிந்து பாடகர் மறுபடி தொடக்க வரியான பல்லவிக்கு வந்து நிறுத்துவார்; தாளம் போடும் அவருடைய கை ஓய்ந்த பின் தட்டுவதே சரி.

அடுத்தது ராக ஆலாபனை, அதாவது பாட்டுக்கு முன் சொற்களின்றி ராகத்தை விரித்துப் பாடுவது. இதற்குத் தாளம் இல்லாததால் குரலைத்தான் பின்தொடர வேண்டும். மேல் ஸ்தாயியில் உலவிய குரல் படிப்படியாக இறங்கி அடிப்படை ஸ்வரமான ஆதார ஷட்ஜத்தில் நின்றதும் தட்டலாம். ஆனால் வயலின் உடனே தொடங்கிவிடும் என்பதால், அதன் முதல் இழுப்பை மூழ்கடிக்காதபடி சுருக்கமாகத் தட்டுங்கள். வயலின் கலைஞர் முடித்ததும் அதே மரியாதை அவருக்கும் உண்டு. பாடகருக்குத் தட்டிய கை அவருக்கு மடியில் கிடப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நடுவில் ஒரு பிடி, அதாவது ராகத்தின் சிறு ஸ்வரத் தொடர், மனத்தைத் தொட்டால் மெல்லிய ‘ஆஹா’ போதும். பாட்டின் ஒரு வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலும், ஸ்வரங்களை அந்த நேரத்திலேயே கோத்துப் பாடும் கற்பனை ஸ்வரமும் முடிந்து பாட்டின் வரியில் சேரும்போதும் தட்டலாம்.

மிகுந்த கவனம் வேண்டியது, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில்தான். அதைச் சிற்றுண்டிக்கு எழும் நேரமாகச் சிலர் கொள்வது மிகுந்த வருத்தம் தருகிறது. மற்ற நேரமெல்லாம் பாட்டுக்குத் துணை நின்ற மிருதங்கக் கலைஞர் தம் வித்தையை முழுதாகக் காட்டும் நேரம் அது. ஆதி தாளமானால் நீங்களும் தொடையில் போட்டுப் பாருங்கள்: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என மொத்தம் 8 எண்ணிக்கை. கடமோ கஞ்சிராவோ உடனிருந்தால் மாறி மாறி வாசித்து, சுற்றுகளைக் குறைத்துக்கொண்டே வந்து, பின் சேர்ந்து வாசிப்பார்கள். முடிவு நெருங்குவதைக் காட்டும் மோரா என்ற சொற்கட்டு முடிந்ததும், நிறைவுக் கோப்பான கோர்வை வரும். அதைப் பொதுவாக 3 முறை வாசிப்பார்கள். முதல் முறையிலேயே மயங்கித் தட்டிவிடாமல், மூன்றாவது முடிந்து பாடகர் பாட்டின் எடுப்பை, அதாவது வரி தொடங்கும் இடத்தை, பிடிக்கும் வரை பொறுத்துத் தட்டுங்கள்.

கடைசியில் வரும் சிறு பாட்டுகளான துக்கடாக்களுக்கு அந்தந்தப் பாட்டு முடிந்ததும் தட்டினால் போதும். நிறைவுப் பாட்டான மங்களம் தொடங்கியதும் எழுந்துவிடாமல் இருங்கள். அது முடிந்து கலைஞர்கள் கைகூப்பும்போது, பின்னால் அமர்ந்து கச்சேரி முழுவதும் தம்புரா மீட்டியவர் அதைக் கிடத்திவிட்டுத் தாமும் கைகூப்பும் வரை தட்டுங்கள்.